பழுப்பாகும் பிளாஸ்டிக் டேங்க்... எச்சரிக்கும் மியாட்டா ரேடியேட்டர்! குறைந்த விலை அலுமினியத்துக்கு மாறலாமா?

பழைய மஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்கு அந்த காரின் ரசிகர்கள் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று: பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டரின் மேல் டேங்க் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பச்சை கலந்த பழுப்பாகவோ, காய்ந்த புளி நிறத்திலோ இருந்தால் கதை வேறு. அந்த ரேடியேட்டர் இன்றைக்கு உடையுமா, அடுத்த மாதம் உடையுமா என்பதுதான் கேள்வி. உடையுமா உடையாதா என்பது இல்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், உடைவது ஒரு பிளாஸ்டிக் டேங்க்தான். ஆனால் அது தப்பான நேரத்தில் உடைந்தால் போவது இன்ஜின். அதனால்தான் இந்த காரை வைத்திருப்பவர்கள் உடையும் வரை காத்திருக்காமல் ரேடியேட்டரை மாற்றிவிடுகிறார்கள். அப்போது எழும் கேள்வி: கம்பெனி ரேடியேட்டரையே திரும்பப் போடுவதா, ஆன்லைனில் பளபளவென்று கிடைக்கும் குறைந்த விலை அலுமினிய ரேடியேட்டரைப் போடுவதா? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த கார் இது?

1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் மஸ்டா அறிமுகம் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். மேல்கூரையை மடக்கிவிடலாம், இன்ஜின் முன்னால், பின் சக்கரங்களுக்கு பவர், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பெரிய பணக்காரர்களுக்கான கார் அல்ல. சம்பளக்காரர்களும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பதால்தான் அது உலகம் முழுக்க விற்றது. 2016 ஏப்ரலில் 10 லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதன் வசம்தான்.

கண் சிமிட்டுவதுபோல ஹெட்லைட் மேலே எழும்பும் முதல் தலைமுறை மாடலை ரசிகர்கள் 'என்ஏ' என்று அழைக்கிறார்கள். 1997 வரை வந்தது. அதாவது, இன்று ஓடும் என்ஏ கார்களில் இளையதுக்கே ஏறக்குறைய 30 வயது. ரப்பர், பிளாஸ்டிக் எதுவானாலும் அந்த வயதில் கேள்விக்குறிதான்.

இந்தியாவில் மஸ்டா இந்த காரை விற்கவில்லை. ஆனால் இங்கே பேசப்படும் ரேடியேட்டர் அமைப்பு, அதாவது அலுமினிய கோர், இரு முனையிலும் பிளாஸ்டிக் டேங்க், நம்மூர் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களிலும் இருப்பதுதான்.

பிளாஸ்டிக் ஏன் பழுப்பாகிறது?

அம்பாசடர் காலத்து ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளையால் ஆனவை. எங்காவது ஒழுகினால் ரேடியேட்டர் கடையில் கொடுத்து ஈயம் வைத்து அடைத்துக்கொண்டு வந்துவிடலாம். எடை அதிகம், விலையும் அதிகம். பிறகு கார் கம்பெனிகள் அலுமினியத்துக்கு மாறின. நடுவில் மெல்லிய அலுமினிய குழாய்களும் ஃபின்களும். மேலும் கீழும் கண்ணாடி இழை கலந்த நைலான் டேங்க். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் கேஸ்கெட் வைத்து, அலுமினிய விளிம்பைப் பற்கள்போல மடக்கி அழுத்திவிடுவார்கள். எடை குறைவு, தயாரிப்புச் செலவும் குறைவு.

மோசமான டிசைன் என்று இதைச் சொல்ல முடியாது. 10, 15 வருடம் பிரச்னை இல்லாமல் ஓடும். ஆனால் நைலானுக்கு இரண்டு எதிரிகள் இருக்கின்றன: சூடும் தண்ணீரும். இந்த டேங்குக்குள் இருப்பதே சூடான தண்ணீரும் கிளைக்காலும்தான். வருடக்கணக்கில் அது நைலானின் மூலக்கூறு சங்கிலிகளை அறுத்துக்கொண்டே வரும். பிளாஸ்டிக் வளையும் தன்மையை இழந்து, பிஸ்கெட் மாதிரி மொறுமொறுப்பாகிவிடும். நிறம் மாறுவது அதன் வெளி அடையாளம்.

இதோடு அழுத்தமும் சேர்கிறது. கூலிங் சிஸ்டம் திறந்த பானை அல்ல, பிரஷர் குக்கர். ரேடியேட்டர் மூடி பல ஜப்பானிய கார்களில் 0.9 அல்லது 1.1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த வெளியில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தத்தில் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அந்த இடைவெளிதான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒரு பார் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உள்ளங்கை அளவு இடத்தில், 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 100 கிலோ எடை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் தள்ளி, நிறுத்தி ஆறியதும் விடும். 30 வருட பிளாஸ்டிக்குக்கு இது போதும்.

விரிசல் பெரும்பாலும் விழும் இடங்கள் இரண்டு. டேங்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு ஒன்று, மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து இன்னொன்று. ஹோஸ் மாற்றுகிறேன் என்று கொஞ்சம் பலமாகத் திருகினால், கழுத்தே கையோடு வந்துவிடும்.

முள் நடுவில்தானே இருக்கு, அப்புறம் என்ன?

இதுதான் பலரையும் ஏமாற்றும் இடம். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில் அசையாமல் நின்றால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். ஆனால் பல கார்களில் அந்த முள், உண்மையான வெப்பநிலையை டிகிரிக்கு டிகிரி காட்டுவதற்காக அமைக்கப்பட்டதே இல்லை. கணிசமான ஏற்ற இறக்கத்துக்கும் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டது. டிராஃபிக்கில் இரண்டு டிகிரி ஏறியதற்கெல்லாம் ஓட்டுநர் பதறி சர்வீஸ் சென்டருக்கு வரக்கூடாது அல்லவா? முள் நகர ஆரம்பிக்கும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். டேங்க் உடைந்து கூலன்ட் முழுக்க வெளியேறிவிட்டால், சென்சார் திரவத்தில் இல்லாமல் காற்றில் தொங்கும். காற்று, திரவம் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது. விளைவு: இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்குவதுகூட உண்டு. ஹீட்டர் போட்டிருக்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால், அதுவும் கூலன்ட் போய்விட்டது என்பதற்கான அறிகுறிதான்.

என்ஏ மியாட்டாவின் இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே இருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அலுமினியம் அதிகமாக விரியும், இரும்பு குறைவாக விரியும். அளவுக்கு மீறி சூடானால் ஹெட் வளையும், நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பிய்ந்துபோகும். அதன்பின் ஹெட்டைக் கழற்றி, மெஷின் ஷாப்பில் சமன்படுத்தி, புது கேஸ்கெட் போட வேண்டும். அந்தச் செலவில் நல்ல ரேடியேட்டர்கள் பல வாங்கலாம். பழைய காராக இருந்தால், 'இதுக்கு மேல செலவு பண்ணணுமா' என்று உரிமையாளர் யோசிக்க, கார் ஷெட்டிலேயே நின்றுவிடுவதும் நடக்கும்.

சந்தையில் என்னென்ன கிடைக்கிறது?

முதலாவது, கம்பெனி பாகம். கச்சிதமாகப் பொருந்தும், விலை அதிகம். இரண்டாவது, அதே அமைப்பில் வேறு கம்பெனிகள் செய்யும் பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டர். விலை மிகக் குறைவு. மூன்றாவது, முழுக்க அலுமினியத்தால் ஆனவை. இதில் ஜப்பானின் கோயோராட், அமெரிக்காவின் மிஷிமோட்டோ போன்ற பெயர் தெரிந்த பிராண்டுகள் ஒரு பக்கம். பெயரே இல்லாமல், அல்லது தினம் ஒரு பெயரில் ஆன்லைன் சந்தைகளில் விற்கப்படுபவை இன்னொரு பக்கம். பெயரில்லாதவை அமெரிக்காவில் 100 டாலரைச் சுற்றியே கிடைத்துவிடும். பெயர் தெரிந்தவை அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு.

முழு அலுமினிய ரேடியேட்டரின் உண்மையான பலம், அதில் பிளாஸ்டிக்கும் இல்லை, மடக்கி அழுத்திய விளிம்பும் இல்லை என்பதுதான். டேங்கை கோரோடு வெல்டிங் செய்திருப்பார்கள். மொறுமொறுப்பாகி உடையும் பேச்சே கிடையாது. கோரும் பெரும்பாலும் பழையதைவிடத் தடிமனாக இருக்கும், அதனால் வெப்பத்தை வெளியேற்றும் திறனும் கூடும்.

சரி, அப்போ அலுமினியம்தானே பெஸ்ட்? அங்கேதான் விஷயமே இருக்கு. டர்போ ஏதும் மாட்டாமல், ரேஸ் டிராக்குக்குப் போகாமல், வார இறுதியில் மட்டும் ஓடும் மியாட்டாவுக்கு கம்பெனி அளவு ரேடியேட்டரே போதுமானது. அப்படிப்பட்ட காருக்கு, நல்ல தயாரிப்பாளர் செய்த புது பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டர், யார் செய்தது என்றே தெரியாத மலிவு அலுமினியத்தைவிடப் பாதுகாப்பான தேர்வு. காசும் மிச்சம். அது இன்னும் 10 வருடம் ஓடி, மறுபடி பழுப்பாகும்போது பார்த்துக்கொள்ளலாம். டர்போ போட்ட கார், டிராக் டே போகும் கார், நல்ல வெயில் ஊரில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும் கார், இவற்றுக்குத்தான் தடிமனான அலுமினிய கோர் உண்மையிலேயே கைகொடுக்கும்.

விலை குறைவு எங்கே இடிக்கும்?

மலிவு அலுமினிய ரேடியேட்டர் எல்லாமே குப்பை என்று சொல்லிவிட முடியாது. வருடக்கணக்கில் பிரச்னையே இல்லாமல் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரே படம், ஒரே விலை, ஒரே விளம்பரம் என்றாலும், வீட்டுக்கு வரும் பெட்டிக்குள் இருப்பது ஒரே தரத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் பெட்டியைப் பிரித்ததும் காரில் மாட்டக் கிளம்பாமல், தரையில் வைத்து நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் வெல்டிங். நாணயங்களை வரிசையாகச் சாய்த்து அடுக்கியதுபோலச் சீராக இருந்தால் நல்லது. இடையிடையே குழி, ஊசித்துளை, மேலே தேய்த்து மறைத்த தடம் இருந்தால் அங்கேதான் நாளைக்கு ஒழுகும். அடுத்து ஃபின்கள். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே அலை அலையாக ஓடும் அந்த மெல்லிய தகடுகள் குழாயோடு முழுக்க ஒட்டியிருந்தால்தான் வெப்பம் தகட்டுக்குப் போகும். விரல் நுனியால் மெல்லத் தள்ளினால் ஃபின் நகர்கிறதா? அப்படியென்றால் அது அழகுக்கு இருக்கிறது, வேலைக்கு இல்லை. எவ்வளவு தடிமனான கோராக இருந்தும் பயனில்லை.

மூடி உட்காரும் கழுத்தையும் கவனிக்க வேண்டும். உள்ளே மூடியின் ரப்பர் வளையம் உட்காரும் தளம் சமமாக இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால், மேலே சொன்ன 107-க்கும் 125-க்கும் இடையிலான பாதுகாப்பு காணாமல் போய்விடும். கூடவே இலவசமாக வரும் மூடியை நம்ப வேண்டாம். காருக்கு உரிய அழுத்த அளவில் ஒரு நல்ல மூடியைத் தனியாக வாங்கிப் போடுவது, இந்த மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நிம்மதி. அழுத்தம் அதிகமான மூடி போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் நினைப்பார்கள். பழைய ஹோஸ், பழைய ஹீட்டர் கோர் எல்லாம் அதையும் சேர்த்துத் தாங்கணுமே!

பிறகு அளவு. டேப் எடுத்து, பழைய ரேடியேட்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மவுண்ட் துளைகள், ஹோஸ் கழுத்துகளின் கோணம், ஃபேன் மாட்டும் போல்ட் இடங்கள். மலிவு ரேடியேட்டரில் அதிகம் இடிப்பது இந்தக் கடைசி விஷயம்தான். ஃபேன் ஷ்ரவுட் கோரோடு ஒட்டி உட்காராமல் இடைவெளி விட்டால், ஃபேன் கோர் வழியாகக் காற்றை இழுக்காது. சுலபமான வழியில் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஹைவேயில் ஜம்மென்று ஓடும் கார் சிக்னலில் நின்றதும் சூடேறினால், முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

ஆட்டோமேட்டிக் மியாட்டாவா? இன்னும் கவனம் தேவை. அந்த கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டரின் கீழ் டேங்குக்குள்ளேயே இருக்கும். மலிவு அலுமினிய ரேடியேட்டர்கள் பல, மேனுவல் காருக்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஆயில் குழாய் மாட்ட இடமே இருக்காது. என்ஏ மாடலுக்கும் அடுத்து 1998-ல் வந்த என்பி மாடலுக்கும் ரேடியேட்டர் ஒன்றல்ல என்பதையும் ஆர்டர் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய ரேடியேட்டர் போட்டால் இன்ஜின் குளிர்ந்துவிடுமா?

இல்லை. இதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சாதாரண ஓட்டத்தில் இன்ஜின் எந்த வெப்பநிலையில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். 80 டிகிரிக்கு மேல் அது திறந்தால்தான் கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தெர்மோஸ்டாட் அதற்கேற்ப மூடிக்கொள்ளும். பெரிய ரேடியேட்டர் தருவது கூடுதல் குளிர்ச்சி அல்ல, கூடுதல் தாக்குப்பிடிப்பு. மலைப்பாதையில் நீண்ட நேரம் ஏறும்போதோ, டிராக்கில் மிதிக்கும்போதோ அந்த வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே ஓவர்ஹீட் ஆகும் காருக்கு ரேடியேட்டர் மட்டும் மருந்தாகாது. மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், சுற்றாத ஃபேன், தேய்ந்த வாட்டர் பம்ப், முன்பே போய்விட்ட ஹெட் கேஸ்கெட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மியாட்டாவில் இன்னொரு விசித்திரமான காரணமும் உண்டு: காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. பார்த்தால் கல், மண் தெறிக்காமல் இருக்க வைத்த தகடு மாதிரி இருக்கும். உண்மையில், முன்னால் நுழையும் காற்றை ரேடியேட்டர் வழியாக மட்டும் போகவைப்பது அதுதான். ஆயில் மாற்றும்போது கழற்றி, போல்ட் துருப்பிடித்திருந்தது என்று மாட்டாமல் விட்ட தட்டு, எத்தனையோ கார்களின் ஓவர்ஹீட்டுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. ரேடியேட்டர் ஆர்டர் போடும் முன், குனிந்து அது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம்.

ரேஸ் ஓட்டுபவர்கள் பேசும் சங்கதி வேறு. மியாட்டாவின் இன்ஜின் முன் சக்கர டிரைவ் கொண்ட மஸ்டா 323 குடும்பத்திலிருந்து வந்தது. இந்த காரில் அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, கூலன்ட் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் இரண்டுமே இன்ஜினின் முன்பக்கமாகவே அமைந்துவிட்டன. அதனால் கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறைவு, சூடு அதிகம். பவர் ஏற்றப்பட்ட கார்களில் ரசிகர்கள் பின்பக்கத்திலிருந்து கூலன்ட்டை எடுக்கும்படி பாதையையே மாற்றிவிடுகிறார்கள். எவ்வளவு விலையுயர்ந்த ரேடியேட்டரும் இந்தக் குறையைச் சரி செய்யாது. சாதாரணமாக ஓட்டும் காருக்கு இது தேவையும் இல்லை.

மாற்றும் வேலை எப்படி?

கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரு மதிய நேர வேலை. சிக்கலானது இல்லை, ஆனால் முதல் விதி கண்டிப்பானது: இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த கூலன்ட் அந்த நொடியே கொதித்து முகத்தில் பீய்ச்சும். 'கொஞ்சம் கொஞ்சமா திறக்கிறேன்' என்பதெல்லாம் வேண்டாம். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, சூடில்லாமல் தளர்வாக இருந்தால் மட்டும் திறக்கலாம்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றி, கீழே அகலமான பாத்திரம் வைத்து டிரெயின் பிளக்கைத் திறக்க வேண்டும். மேலே மூடியையும் எடுத்தால் வேகமாக வடியும். ஹோஸ்கள் ஒட்டிப்போயிருந்தால் இழுத்துப் போராட வேண்டாம். கத்தியால் கீறி எடுத்துவிட்டு, புதியது போடுவதே புத்திசாலித்தனம். 30 வருட ஹோஸைப் புது ரேடியேட்டரில் மாட்டுவதில் அர்த்தமில்லை. தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும் விலை குறைவு. கூலன்ட் எப்படியும் கீழே இறங்கிவிட்டது; இப்போதே மாற்றிவிட்டால் மறுபடி ஒருமுறை வடிக்கும் வேலை மிச்சம்.

ஃபேன் ஒயர் இணைப்பைக் கழற்றி, மேல் பிராக்கெட் போல்ட்டுகளை எடுத்தால், ரேடியேட்டர் மேல்பக்கமாக வெளியே வரும். அடியில் உட்காரும் ரப்பர் குஷன்கள் பழையதோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும், கவனம். அவை அதிர்வைத் தாங்குவதற்கு மட்டுமல்ல. அலுமினிய ரேடியேட்டர் காரின் உலோகத்தோடு நேரடியாக உரசினால் தேய்ந்து ஓட்டையாகிவிடும். பழைய ரேடியேட்டரைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோம் பட்டைகள் நைந்திருந்தால் புதியது ஒட்ட வேண்டும். காற்று சந்து வழியாக நழுவாமல் தடுப்பவை அவைதான்.

என்ஏ மியாட்டாவில் ஃபேனை இயக்கும் வெப்ப சுவிட்ச் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இருக்கிறது. அதனால் ரேடியேட்டரில் அதற்கெனத் தனி துளை தேவையில்லை. வேறு சில கார்களில் சுவிட்ச் ரேடியேட்டர் டேங்கிலேயே திருகியிருக்கும். அங்கே துளை பொருந்தாவிட்டால் ஃபேனே ஓடாது.

அலுமினியத்தில் நூல் திருகும்போது கை பலத்தைக் காட்டக் கூடாது. மென்மையான உலோகம், மரை சட்டென்று அழிந்துவிடும். முதலில் விரலாலேயே திருகி, கடைசியில் ஸ்பேனர் வைத்து லேசாக இறுக்கினால் போதும்.

காற்று வெளியேறாவிட்டால் பட்ட பாடு வீண்

பலர் கோட்டை விடுவது இந்தக் கட்டத்தில். என்ஏ மியாட்டாவின் கூலிங் சிஸ்டத்தில் மொத்தம் சுமார் 6 லிட்டர் பிடிக்கும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் முழுதும் வராது, இன்ஜினுக்குள் கொஞ்சம் தங்கும். சுத்தம் செய்ய வெறும் தண்ணீர் ஓட்டியிருந்தால், தங்கியிருப்பது தண்ணீர். அப்போது கடையில் கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் மொத்தக் கலவை நீர்த்துப்போகும். கலக்காத கூலன்ட் 3 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு பாதிக்குப் பாதியாக வரும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கெட்டில் அடியில் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படியும்.

காரின் மூக்கு கொஞ்சம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, மூடி திறந்த நிலையில், ஹீட்டரை முழு சூட்டில் வைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழ்கள் வரும், மட்டம் சடாரென்று இறங்கும். ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் நின்று, ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்து, கீழ் ஹோஸும் சூடானால் காற்று பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மூடியைப் போட்டுவிட்டு, ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் வரை காத்திருங்கள். ஃபேன் வேலை செய்கிறதா என்று தனியாகப் பார்க்கவும் வழி இருக்கிறது: இக்னிஷன் ஆனில் இருக்க, பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஎஃப்ஏ, ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளை ஒரு சிறு ஒயரால் இணைத்தால் மெயின் ஃபேன் ஓட வேண்டும்.

மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருப்பது சகஜம், நிரப்பிவிடலாம். முதல் வாரம் முழுக்க இப்படித் தினமும் பார்த்து, மட்டம் ஒரே இடத்தில் நின்றால் சரி. குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் முன்பே போயிருக்கிறது.

அலுமினிய ரேடியேட்டருக்கு மட்டும் உரிய இன்னொரு சோதனை உண்டு. காரில் எங்காவது எர்த் ஒயர் சரியில்லாவிட்டால், மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாதை தேடிக்கொள்ளும். அது அலுமினியத்தை உள்ளிருந்து அரித்து, சில மாதங்களிலேயே ஊசித்துளை விழச் செய்யும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை உலோகத்தில் படாமல் ரேடியேட்டர் கூலன்ட்டிலும் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். சாவியைத் திருப்பி லைட், ஃபேன் எல்லாம் போட்டும் ஒருமுறை பார்க்கலாம். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் ஒயரைச் சரி செய்ய வேண்டும். 'புது ரேடியேட்டர் ஆறே மாசத்துல ஓட்டையாயிடுச்சு' என்று மலிவு பிராண்டின் மீது வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம், ரேடியேட்டர் அல்ல, இதுதான்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றிவிடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய், பூனைகள் நக்கிக் குடித்துவிடும். சிறிதளவே உயிரைப் பறிக்கக்கூடியது, குழந்தைகளுக்கும் ஆபத்து. மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலையும் கூலன்ட்டையும் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு வீட்டு நாயை அவிழ்த்துவிடுங்கள்.